கங்கணம் முதல் மேஜிக் பேண்ட் வரை: கையில் கட்டியது யாருக்காக?

சென்னையிலிருந்து மேற்கே போக இரண்டு பெரிய சாலைகள் உண்டு. ஒன்று பாடி, அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று போய், திருவள்ளூரைத் தாண்டித் திருப்பதியைத் தொடும். இன்னொன்று பூந்தமல்லியைக் கடந்து பெங்களூருக்குப் போகும். முதல் சாலையில் புரட்டாசி மாதம் வந்தால் போதும், மஞ்சள் உடுத்திய கூட்டம் "கோவிந்தா" போட்டபடி நடந்துகொண்டே இருக்கும். இரண்டாவது சாலையில் லீவு நாள் வந்தால் போதும், குயின்ஸ்லேண்டுக்குப் போகும் வேன்களும் பள்ளிக்கூட பஸ்களும் வரிசை கட்டும். ஒன்று பக்தி, இன்னொன்று பொழுதுபோக்கு. ஆனால் இரண்டு கூட்டமும் போய்ச் செய்யப்போகும் முதல் வேலை ஒன்றுதான். க்யூவில் நிற்பது!

இந்தக் க்யூவை ஒழிக்கத்தான் மணிக்கட்டில் கட்டும் பட்டை வந்தது. இன்றைக்கு வெளிநாட்டு தீம் பார்க்குகளில் அந்தப் பட்டை கதவைத் திறக்கிறது, சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறது, ராட்டினத்தில் நீங்கள் அலறும்போது எடுத்த போட்டோவை உங்கள் கணக்கில் சேர்க்கிறது. கூடவே நீங்கள் எங்கே போனீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், என்ன வாங்கினீர்கள் என்பதும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் பதிவாகிறது. வசதியா, வேவு பார்ப்பதா என்ற சண்டை அங்கே 2013-லிருந்து நடக்கிறது. நம் ஊருக்கு இது புதுசு என்று நினைத்தால் அது தப்பு. நம்மில் பலரின் அப்பா, அம்மா கையில் இந்தப் பட்டை 2000-ஐ ஒட்டிய வருடங்களிலேயே ஏறிவிட்டது. கட்டிவிட்டது ஏழுமலையான் கோயில்.

அப்போது திருமலையில் தரிசனத்துக்குப் போனால் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் கொட்டடி கொட்டடியாக அடைத்து வைப்பார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. குழந்தை அழும், பெரியவர்கள் தரையில் துண்டு விரித்துப் படுப்பார்கள். இதற்குத் தீர்வாகத் திருப்பதி தேவஸ்தானம் கொண்டுவந்ததுதான் சுதர்சனம் டோக்கன் முறை. கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் சுதர்சன கங்கணம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு க்யூவில் சேர வேண்டும் என்ற விவரமும் பார்கோடும் அதில் இருக்கும். அந்த நேரம் வரை நீங்கள் சுதந்திரப் பறவை. திருச்சானூர் போகலாம், கோவிந்தராஜ சுவாமியைச் சேவிக்கலாம், மொட்டை போடலாம், கடை கடையாகச் சுற்றலாம்.

எளிமையான யோசனைதான். ஆனால் அதற்குள் இருக்கும் கெட்டிக்காரத்தனத்தைக் கவனிக்க வேண்டும். காகிதச் சீட்டு என்றால் கைமாற்றி விற்றுவிடலாம். கையில் கட்டிவிட்டால் கழற்றி விற்பது சுலபமில்லை. அதே சமயம், ஒரு வெறும் நேரக் கங்கணத்துக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டியதே இல்லை. "இந்தக் கைக்கு இந்த நேரம்", அவ்வளவுதான் விஷயம். அந்தக் கை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவருடையதா, ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவருடையதா என்பது வரிசைக்குத் தேவையில்லாத சங்கதி. தரிசனம் முடிந்தால் பிய்த்துப் போட்டுவிட்டு லட்டு கவுண்டருக்குப் போய்விடலாம்.

வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்காவில் டிஸ்னி கம்பெனியும் இதே முடிவுக்கு வந்திருந்தது. 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ரைடுக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினில் நுழைவுச் சீட்டைச் சொருகினால், "இத்தனை மணிக்குத் திரும்பி வா" என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். கங்கணத்தின் காகித வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் உள்ள கணக்கு உடனே புரியும். க்யூவில் நிற்கிறவன் எதையும் வாங்க மாட்டான். அவனை வெளியே விட்டால் ஐஸ்கிரீம் வாங்குவான், பொம்மை வாங்குவான். க்யூவைக் குறைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம் மட்டும் அல்ல!

பணத்தையே உடம்பில் மாட்டிவிடும் யோசனை இன்னும் பழசு. 1950-ல் தொடங்கிய கிளப் மெட் என்ற பிரெஞ்சு விடுமுறைக் கம்பெனியின் கடற்கரைக் கிராமங்களில் பாருக்குப் போனால் காசுக்குப் பதில் மணி கொடுக்க வேண்டும். நிஜ மணி, கழுத்தில் மாலையாகக் கோத்துப் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் மணி. நீச்சல் உடையில் இருப்பவனுக்குப் பாக்கெட் ஏது? அதனால் இந்த ஏற்பாடு. பாக்கெட் இல்லாததால் கையில் இருக்கும் பணத்தை எண்ணிச் செலவு செய்யும் பழக்கமும் போய்விடும். மணி பணம் மாதிரியே தெரியாது. ஆனால் அந்த மணிக்கும் யாரையும் தெரியாது. யார் எத்தனை கிளாஸ் குடித்தார் என்று எந்த மணியும் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை.

(நம் ஊர் வாட்டர் பார்க்குகளில் இந்தப் பிரச்சினைக்கு ரொம்ப காலமாக ஒரு தீர்வு உண்டு. தண்ணீரில் இறங்காத பாட்டியோ பெரியப்பாவோ ஒருவர் எல்லோருடைய பையையும் செருப்பையும் கட்டிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாலிதீன் கவரில் சுற்றிய நாலு போனும் அவர் மடியில்தான். உலகத்தின் மிகப் பாதுகாப்பான டிஜிட்டல் லாக்கர்.)

மாற்றம் வந்தது 2013-ல். ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மைமேஜிக் பிளஸ் என்ற திட்டத்தை அறிவித்தார்கள். அதற்கு ஆன செலவு சுமார் 100 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. திட்டத்தின் உயிர் மேஜிக் பேண்ட் என்ற ரப்பர் பட்டை. அதற்குள் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, கிட்டக் கொண்டுபோய்த் தொட்டால் மட்டும் பேசும் சிப். ஓட்டல் அறைக் கதவு, பூங்கா வாசல், கடை கவுண்டர் எல்லாம் இதில். இன்னொன்று, சின்ன பேட்டரியோடு கூடிய ரேடியோ. இதை நீங்கள் எங்கேயும் நீட்டிக் காட்டவே வேண்டாம். தூரத்திலிருந்தே ரிசீவர்கள் பிடித்துக்கொள்ளும். ரைடில் எடுத்த போட்டோ தானாக உங்கள் கணக்கில் சேர்ந்தது இதனால்தான். ஒரு ரெஸ்டாரண்டில் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிட்டு எந்த மேஜையில் போய் உட்கார்ந்தாலும் சாப்பாடு உங்களைத் தேடி வந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் இந்த வரலாற்றின் முக்கியமான இடம். முதல் சிப் விஷயத்தில் நீங்கள் காட்டுகிறீர்கள். கையை நீட்டுவது உங்கள் செயல், அது எப்போது நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவதில் பட்டை உங்களைக் காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பேசிக்கொண்டிருக்கிறது. கங்கணமும் ஃபாஸ்ட்பாஸ் சீட்டும் முதல் ரகம். மேஜிக் பேண்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்து, அதோடு பெயர், அறை எண், கிரெடிட் கார்டு எல்லாம் ஒரே முடிச்சாக விழுந்தது.

கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போகவில்லை. 2013 ஜனவரியிலேயே எட் மார்க்கி என்ற அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகளைப் பற்றி என்னென்ன தகவல் சேர்க்கிறீர்கள், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது அவர் கவலை. மார்க்கி சும்மா ஆள் இல்லை. இணையத்தில் குழந்தைகளின் தகவலைக் காக்க அமெரிக்கா 1998-ல் போட்ட சட்டத்தின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். ஐகர் கோபமாகப் பதில் எழுதினார். சேர வேண்டுமா என்பது விருந்தினரின் விருப்பம், பட்டை வேண்டாம் என்றால் கார்டு உண்டு என்பது கம்பெனியின் வாதம். பட்டைக்குள் பெயர் எதுவும் கிடையாது, ஒரு எண் மட்டும்தான் என்றும் சொன்னார்கள்.

அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மை. பட்டைக்குள் எண் மட்டும் இருக்கலாம், அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர் என்று எழுதிய லெட்ஜர் கம்பெனியிடம் இருக்கிறதே! அக்கவுண்ட்ஸ் படித்த யாரிடமும் இந்தச் சமாதானம் எடுபடாது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு அதுவரை இலவசமாகக் கொடுத்துவந்த மேஜிக் பேண்டை 2021 தொடக்கத்தோடு நிறுத்தினார்கள். வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதே வருடம், 22 வருடமாக இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸும் போனது. அக்டோபரில் ஜீனி பிளஸ் என்று கட்டணச் சேவை வந்தது, ஆரம்பத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். எந்த நேரத்தில் எந்த ரைடில் கூட்டம், குடும்பங்கள் எங்கே காத்திருக்கின்றன, எங்கே பொறுமை இழக்கின்றன என்று பல வருடம் பார்த்தவர்களுக்கு, க்யூவைத் தாண்டுவதற்கு விலை வைப்பது பெரிய கஷ்டமா என்ன? நம்மூர் பூங்காக்களிலும் இப்போது அதிகக் காசுக்கு ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் கிடைக்கிறது. அதற்குப் பட்டை கூட வேண்டியதில்லை. கோயில்களில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கிப் பழகிய நமக்கு இது அதிர்ச்சியாகவும் இல்லை.

இனி பெங்களூர் சாலைக்குத் திரும்புவோம். குயின்ஸ்லேண்ட் இருக்கும் அதே செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஈ.வி.பி. வேர்ல்ட் என்ற இன்னொரு தீம் பார்க் இருந்தது. 2012-ல் அங்கே ராட்டினத்திலிருந்து விழுந்து ஒரு இளம்பெண் இறந்தார். போலீஸ் பூங்காவை மூடியது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த பட்டையாக இருந்தாலும் நீங்கள் எந்த ரைடில் இருக்கிறீர்கள் என்றுதான் சொல்லும், உங்கள் பெல்ட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று சொல்லாது. பூங்காவுக்குப் போகும் குடும்பத்துக்கு எது முக்கியம்?

அந்த இடம் பிறகு படப்பிடிப்புத் தளமானது. ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி என்றால் இன்று தெரியாதவர்கள் குறைவு. 2017 ஜூன் 25-ல் தமிழ் பிக் பாஸ் முதல் சீசன் தொடங்கியது அங்கே போட்ட வீட்டில்தான். சுற்றிலும் கேமரா. அது போதாதென்று ஒவ்வொருவர் உடம்பிலும் எந்நேரமும் ஒரு மைக். கழற்றி வைத்தால் உடனே குரல் வரும், மைக்கை மாட்டச் சொல்லி. தீம் பார்க் இருந்த இடத்தில், உடம்பில் கருவியை மாட்டிக்கொண்ட மனிதர்களை ராத்திரி பகலாக ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த சீசன் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஒரு அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்ட ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமியின் பெயரில் அந்தத் தீர்ப்பு அறியப்படுகிறது. அன்றைய ராத்திரி தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் தீர்ப்பைப் பற்றிப் பேசினார்கள், எத்தனை வீட்டில் பிக் பாஸ் பார்த்தார்கள் என்று யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பிக் பாஸ் வீட்டுக்குள் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒப்பந்தம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வெளியே வரும்போது மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். இதே கருவி ஏழையின் கையில் ஏறும்போது கதை வேறு. 2020-ஐ ஒட்டி சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற ஊர்களில் துப்புரவுப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். வாட்ச் கட்டிவிட்டார்கள். வேலை நேரத்தில் குறித்த எல்லைக்குள் இருக்கிறார்களா என்று ஆபீஸில் உட்கார்ந்து திரையில் பார்ப்பதற்கு. வாட்ச் கட்டாவிட்டால் சம்பளம் பிடித்தம். கழிப்பறைக்குப் போகும்போதும் இது பார்க்குமோ, ஒட்டுக் கேட்குமோ என்று பெண்கள் பயந்தார்கள். சண்டிகரில் போராட்டமும் நடந்தது. டிஸ்னி பட்டையிலாவது கதவு திறந்தது, சாப்பாடு மேஜைக்கு வந்தது. இந்த வாட்சைக் கட்டியவருக்குக் கிடைத்த வசதி என்ன என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. வசதி முழுக்க எதிர்ப்பக்கத்தில்.

ஆனால் கண்காணிப்பு என்றாலே கெட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்களைக் கேட்டால் தெரியும். சபரிமலை சீசனில் பம்பையில் போலீஸார் குழந்தைகளின் கையில் பட்டை கட்டி, பெற்றோர் போன் நம்பரைக் குறித்து அனுப்புகிறார்கள். நம் பக்கத்திலிருந்து இருமுடி கட்டிப் போகும் அப்பாக்களுக்கு அது எத்தனை பெரிய நிம்மதி! டென்மார்க்கில் பில்லுண்ட் ஊரில் உள்ள லெகோலேண்ட் 2004-லேயே இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. பிள்ளை கையில் ஒரு வைஃபை பட்டையை வாடகைக்கு வாங்கிக் கட்டினால், பெற்றோர் எஸ்.எம்.எஸ். அனுப்பி அது பூங்காவில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பம்பையில் போன் நம்பர் எழுதிய பட்டை பிள்ளை தொலைந்த பிறகுதான் பேசும். பில்லுண்ட் பட்டை தொலையாதபோதும் பேசிக்கொண்டே இருக்கும். எது போதும் என்பது ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். அமர்நாத் யாத்திரையில் 2022 முதல் ஒவ்வொரு யாத்ரீகரும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை மாட்டியே ஆக வேண்டும். பனிமலையும் தீவிரவாத பயமும் சேர்ந்த பாதையில் அதைக் குறை சொல்வது கஷ்டம்.

திருப்பதியில் கங்கணத்துக்கு என்ன ஆனது? அங்கேயும் காட்சி மாறிவிட்டது. 2018 வாக்கில் சர்வ தரிசனத்துக்கு நேரம் குறித்த டோக்கன் வாங்க ஆதார் கேட்க ஆரம்பித்தார்கள். 2023 மார்ச் 1 முதல் முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தைச் சோதனை முறையில் கொண்டுவந்தார்கள், டோக்கன் இல்லாத தரிசன வரிசையிலும், அறை ஒதுக்குவதிலும். காரணம் நியாயமானதுதான். புரோக்கர்கள் அறைகளை எடுத்து மறுபடி விற்பதும், ஒரே ஆள் திரும்பத் திரும்ப லட்டு டோக்கன் வாங்குவதும் பக்தர்களை நீண்ட காலமாக வாட்டிய தொல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதலில் கைக்கு நேரம் கொடுத்தார்கள், பிறகு பெயரைக் கேட்டார்கள், பிறகு முகமே டோக்கன் ஆனது. டிஸ்னியும் 2021 மார்ச்சில் மேஜிக் கிங்டம் வாசலில் ஒரு மாதம் முகத்தை அடையாளம் காணும் சோதனை நடத்தியது. பட்டையைக் கழற்றலாம், முகத்தை?

இதற்கிடையே சட்டமும் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. குழந்தைகளின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும், குழந்தைகளைப் பின்தொடர்வதும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது என்கிறது, சில விலக்குகளோடு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே.

தீம் பார்க்குக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர்களிடம் வருபவர்களில் கணிசமான பேர் அந்த 18-க்குக் கீழேதான். அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி பள்ளிகளிலிருந்து எக்ஸ்கர்ஷன் பஸ்ஸில் வரும் நூறு பிள்ளைகளுக்கும் பட்டை கட்ட வேண்டுமென்றால் நூறு வீட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். "பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க" என்று வாங்கிய சம்மதத்தை வைத்து, அந்தப் பிள்ளை எந்தக் கடை முன்னால் அதிக நேரம் நின்றது என்று பார்க்கலாமா என்ற கேள்வி இன்னும் எந்தப் பூங்கா விஷயத்திலும் நம் நீதிமன்றங்களுக்கு முன் வந்து தீரவில்லை. வரும் என்றுதான் தோன்றுகிறது.

அதுவரை எக்ஸ்கர்ஷன் பஸ் கிளம்பும் முன் பி.டி. மாஸ்டர் விசிலை ஊதி, படியில் நின்று தலைகளை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் திரும்ப முதலிலிருந்து எண்ணுவார். எண்ணி முடித்ததும் பஸ் பூந்தமல்லி பக்கம் திரும்பிவிடும், எண்ணிக்கை எங்கேயும் சேமிக்கப்படாது.